வரம்பு தெரியாத பச்சை

பழைய காருக்குப் பெயிண்ட் தேடுவது, அறுபதைத் தாண்டியவனுக்குப் பெண் தேடுவதைப் போல. கேட்ட மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். சிரித்து முடித்ததும், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்பார். ராமநாதபுரத்தில் அன்றைக்கு நான் ஏறிய முதல் கடையிலும் இரண்டாவது கடையிலும் அதுதான் நடந்தது.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள், ஒன்றையும் விடாமல் உங்கள் கைப்பட எழுதுங்கள் என்று சொல்லி, தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நான் பெயிண்டிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றைவிட அதை ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

என் பெயர் பொன்னுச்சாமி. வயது அறுபத்தேழு. சிக்கலுக்குத் தெற்கே எங்கள் ஊர். குண்டு மிளகாயும் குதிரைவாலியும் போடுகிற அளவுக்கு நிலம் இருக்கிறது. நீங்கள் ஷெட்டில் பார்த்த அம்பாசிடர் எண்பத்தாறில் வாங்கியது. வாங்கும்போது எல்லா அம்பாசிடரையும் போல வெள்ளைதான். தொண்ணூற்றொன்றில் என் மனைவி சேதுலட்சுமி, "ஊருல இருக்குற கவர்மெண்டு வண்டியெல்லாம் இதே கலருதான், வாசல்ல நின்னா கடன் வசூலுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள். தன்னுடைய பாசிப்பச்சைப் புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். அந்தத் துணியைப் பார்த்து ராமநாதபுரத்துக் கடைக்காரர் ஒருவர் கலந்து கொடுத்த பச்சைதான் இது. கம்பெனி அட்டையில் இந்த நிறத்துக்கு நம்பர் கிடையாது. சேதுலட்சுமி இறந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் அவள் இருந்த அடையாளம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. புடவைகளை மகன் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டான். கார் மட்டும் நின்றது. காலையில் எழுந்ததும் ஷெட்டுக்குப் போய் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். அழுகை வந்தால் அங்கேயே அழுதுவிட்டு வருவேன்.

இனி பெயிண்ட். இப்போது எல்லோரும் அடிப்பது பி.யூ. பெயிண்ட். அதில் ஹார்டனர் கலப்பார்கள், காய்ந்தால் கல். பளபளப்பும் அதிகம். ஆனால் பழைய பெயிண்டின் மேல் அது தனித் தோலாக உட்காரும். ஓரிடத்தில் மட்டும் அடித்தால், அடித்த இடத்துக்கும் அடிக்காத இடத்துக்கும் நடுவே மெல்லிய கோடு விழும். விவசாயி கண்ணுக்கு அது வயல் வரம்பு. என்.சி. பெயிண்ட் அப்படியில்லை. அது தின்னரில் கரைத்து அடிக்கிற பழைய சரக்கு. எத்தனை வருடம் காய்ந்து கிடந்தாலும் தின்னர் பட்டால் மறுபடி இளகும். புதிதாக அடிப்பது பழையதைக் கரைத்துக்கொண்டு அதற்குள்ளேயே இறங்கிவிடும். எது முந்தி, எது பிந்தி என்று அடித்தவனாலேயே பிறகு சொல்ல முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நல்ல என்.சி. பெயிண்ட் கிடைத்தால் ஓரளவு மறைக்கலாம்.

அது எனக்கு அன்றைக்கே வேண்டியிருந்தது. மாசி மாதம், திங்கட்கிழமை. காரின் இடது முன் மட்கார்டில் ஒரு சாண் அகலத்துக்கு நசுங்கி, நடுவில் இரண்டு விரல் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. காரை ஷெட்டில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினேன். நிறம் காட்டுவதற்குப் பெட்ரோல் மூடித் தகட்டைக் கழற்றி, துண்டில் சுற்றிக்கொண்டு, ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறி ராமநாதபுரம் போனேன்.

முதல் கடைக்காரர், "என்.சி.யா? அதை நாங்க நிப்பாட்டிப் பல வருஷம் ஆச்சு சார்" என்றார். இரண்டாவது கடையில் கம்ப்யூட்டரில் நிறத்தைப் படம் பிடித்து பி.யூ.வில் கலந்து தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். பெரியவர் பிடிவாதக்காரர் என்று கடைப் பையன்கள் சிரித்துக்கொண்டார்கள். அரண்மனைப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை இருப்பதாக அவர்களில் ஒருவன்தான் சொன்னான். தொண்ணூற்றொன்றில் நான் போன அதே கடை. அப்போது இருந்தவர் இல்லை. அவர் மகள் அம்ரீன் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

அவள் தகட்டை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பஞ்சில் தின்னரை நனைத்து ஓரத்தில் துடைத்தாள். பஞ்சில் பச்சை ஒட்டியது.

"என்.சி.தான் அய்யா. எங்க அத்தா கைச்சரக்கா இருக்கும். இப்படிக் கலரெல்லாம் அவுகதான் கலப்பாக. மூலச் சரக்கு இன்னும் நாலஞ்சு டின் கெடக்கு, கண்ணால பாத்து நானே சேத்துருவேன்" என்றாள். பிறகு தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். வெளிப்பக்கம் முப்பது வருட வெயிலில் வெளுத்திருந்தது. உள்பக்கம் வெயில் படாததால் சேதுலட்சுமியின் புடவை அப்படியே இருந்தது. "எந்தக் கலரு வேணும் அய்யா? உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம்" என்றேன்.

"உள்பக்கம்தான அய்யா அழகா இருக்கு. வண்டி முழுசும் அடிக்கிறவுக அதைத்தான் கேப்பாக."

"எனக்கு வெளிப்பக்கம் போதும்மா."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. நாலு மணி ஐந்து நிமிடம். பேசியது கூத்தையா. என் நிலத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவன்.

"அய்யா, பிச்சையம்மா போயிட்டாய்யா. ரோட்டுலய்யா. நம்ம வசந்து வண்டிலயேய்யா..."

பிச்சையம்மாள் அவன் மனைவி. வசந்து என்கிற வசந்தகுமார் அவர்களுடைய ஒரே மகன். கூத்தையா அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். "ஏலே, அழுகாத. இந்தா வாரேன்" என்று சொல்லி வைத்தேன். பெயிண்ட் எப்போது கிடைக்கும் என்று அம்ரீனிடம் கேட்டேன். நாளை பதினொரு மணிக்கு என்றாள். வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டாள். வேலைக்காரப் பெண் ஒருத்தி தவறிவிட்டாள் என்றேன். அவள் வாய்க்குள் எதையோ ஓதிவிட்டு, எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

பிச்சையம்மாள் எப்படி இறந்தாள் என்பதை உங்கள் எப்.ஐ.ஆரில் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் களம் என்பது தார் ரோடுதான். குதிரைவாலியைக் கதிரோடு அறுத்து, தாளை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும். ஒதுங்கிப் போகிற வண்டிக்காரன்மேல்தான் பெண்களுக்குக் கோபம் வரும். "எங்க தாள் மேல ஏறுனா உங்க டயரு தேஞ்சுருமாக்கும்" என்பார்கள். அதனால் எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிற எவனும் தாளைக் கண்டால் பிரேக்கில் கால் வைக்கமாட்டான். அது ஒரு மரியாதை.

வசந்தகுமார் லோடு வேன் ஓட்டுகிறவன். காலையில் மாரியூருக்கு ஐஸ் கொண்டுபோவான், மூன்று மணிக்கு மீன் பெட்டிகளோடு திரும்புவான். அறுப்புக் காலத்தில் அம்மா தாள் போட்டிருக்கிற இடத்தில் ஹாரன் அடித்துவிட்டு, முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் போவான். பிச்சையம்மாள் ஓரத்தில் நின்று கையைக் காட்டுவாள். அன்றைக்கும் ஹாரன் அடித்தான். மூன்று தடவை ஏற்றினான். அம்மாவைக் காணோமே என்று இறங்கித் தாளைக் கிளறினான்.

அவனைக் கைது செய்து, அன்றே ஜாமீனில் விட்டீர்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டது நான். சவச் செலவையும் நானே ஏற்றுக்கொண்டேன். பெரிய மனிதர் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இப்போது மத்தியானத்துக்கு வருகிறேன்.

போன வருடம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். வலது கண் சரியாக வந்தது. இடது கண் வரவில்லை. மதுரையில் இருக்கிற என் மகன் முனீஸ்வரன் கார் சாவியை வாங்கிக்கொண்டு போனான். "இனி நீங்க ஓட்டுனீங்கன்னு காதுல விழுந்துச்சு, மறுநாளே வித்துருவேன்ப்பா" என்றான். ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். என்னிடம் இன்னொரு சாவி இருந்தது சேதுலட்சுமியின் பீரோவில். நீண்ட நாள் ஓட்டாமல் விட்டால் வண்டி கெட்டுவிடும். அந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு, ரோட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, கிழக்கே இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே டவுன் பஸ் வந்தது. இடது பக்கம் ரோட்டை அடைத்துக் குதிரைவாலித் தாள் கிடந்தது, ஓரத்தில் குவியலாகவும் இருந்தது. வழக்கப்படி தாளின் மேல் ஏறிப் பஸ்ஸுக்கு வழி விட்டேன். குவியலுக்குப் பின்னால், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, குனிந்து சிதறிய கதிரைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் பிச்சையம்மாள். அது என்னுடைய இடது பக்கம். மெத்தென்று ஒரு சத்தம்தான் கேட்டது. பஸ் போய்விட்டது.

இறங்கியதும் முதலில் மட்கார்டைத்தான் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு அவளைப் பார்த்தேன்.

அவளுக்கு நினைவு நன்றாக இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. தண்ணீர் கேட்டாள். காரில் பாட்டில் இருந்தது, கொடுத்தேன். தலையைத் தூக்கிப் பிடித்து நானேதான் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்களாய்யா" என்றாள். கோபமே இல்லை.

"ஒண்ணுமில்லய்யா, இடுப்புதான் எந்திரிக்க மாட்டேங்குது. நீங்க வெரசாப் போங்க. யாராச்சும் பாத்து உங்க மகன்ட்ட சொல்லிட்டா அம்மா வண்டிய வித்துப்புடுவாரு. எம் மகன் மூணு மணிக்கு வந்துருவான். அவன் தூக்கிக்கிருவான். நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்யா."

அம்மா என்று அவள் சொன்னது சேதுலட்சுமியை. அந்தப் பச்சைப் புடவையை அவள் பார்த்திருக்கிறாள். துவைத்துப் போட்டவளே அவள்தான். நான் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைச் சமாதானம் செய்தாள்.

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லமாட்டாள் என்பதை நம்பினேன். அவளைப் போல வாக்குச் சுத்தமானவள் ஊரில் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். எழுதுவார்கள். நீங்கள் வருவீர்கள். காரைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் வெட்டவெளியில் நிறுத்துவீர்கள். உப்புக்காற்றில் நின்று ஆறே மாதத்தில் தகடு தகடாக உதிர்ந்துபோன வண்டிகளை நான் அங்கே பார்த்திருக்கிறேன். இதெல்லாம் மனதில் ஓடியது உண்மை. ஓடாமல் இருக்க நான் கடவுள் இல்லை.

வெயில் உச்சியில் இருந்தது. அவளை அந்த வெயிலில் விட்டுப்போக மனம் வரவில்லை. அவளைக் கொஞ்சம் நகர்த்திப் படுக்க வைத்து, தாளை அள்ளி மேலே போட்டு மூடினேன். "மொகத்துல வேணாம்யா, சொணை அரிக்கும்" என்றாள். "கொஞ்ச நேரந்தான்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நிழலுக்காகத்தான் மூடினேன். பிறகு வீட்டுக்கு வந்து, நான் முதலில் சொன்னபடி, தகட்டைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மகன் வந்து தாளைப் பார்த்து நிறுத்தி, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவான் என்று நினைத்தேன்.

மீதி எல்லாம் பெயிண்ட் வேலைதான். அடுத்த நாள் சவம் எடுத்த பிறகு ராமநாதபுரம் போய் டின்னை வாங்கி வந்தேன். அம்ரீன் சேர்த்திருந்த பச்சையைத் தகட்டின் மேல் ஒரு சொட்டு விட்டுக் காட்டினாள். காய்ந்ததும் அந்தச் சொட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கைராசிக்காரி.

டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் தங்கச்சிமடத்திலிருந்து செல்லச்சாமியை வரச் சொன்னேன். என்.சி. அடிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் அவரோடு சரி. கம்ப்ரசரையும் ஸ்ப்ரே கன்னையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். காளை முட்டிவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மட்கார்டின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"கொம்பு பட்டா கீறல் விழுகும் அண்ணாச்சி. இது ஏதோ மெத்துன்னு பட்ட மாதிரில்ல இருக்கு" என்றார்.

"காளை திரும்பி இடுப்பால இடிச்சிருச்சு" என்றேன்.

அவர் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். தகட்டைத் தட்டி எடுத்தார், பட்டி பார்த்தார், வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தார். காலையிலேயே அடித்துவிடலாமே என்று கேட்டதற்கு, கடல் ஈரம் காற்றில் இருக்கும்போது என்.சி. அடித்தால் பால் பூத்தது போல வெளுத்துவிடும் என்றார். வெயில் நன்றாக ஏறிய பிறகு அடித்தார். அடித்து, உலர்த்தி, பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, பழைய இடத்தில் இருக்கிற மங்கலைப் புதிய இடத்துக்கும் கொண்டுவந்தார். சாயங்காலம் நான் வலது கண்ணால் பார்த்தேன், பிறகு விரலால் தடவினேன். வரம்பே தெரியவில்லை. நான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு வயிறாரச் சாப்பாடு இறங்கியது.

பதினாறு முடிந்த மறுநாள் கூத்தையா வந்தான். அந்தக் குதிரைவாலியை அவன்தான் சொளகில் புடைத்திருக்கிறான். பெண்டாட்டி செத்த தாள் என்று வீசிவிட முடியுமா, வருடத்துச் சாப்பாடு. புடைக்கும்போது உமியோடு ஒரு பச்சைச் செதில் கிடைத்திருக்கிறது. நகத்தளவு. அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"அய்யா, இது நம்ம வண்டிக் கலருல்ல? என்னைக்கோ நம்ம தாள் மேல ஏத்தும்போது கல்லு கில்லு தெறிச்சு அடிபட்ருக்குமோ என்னமோ. எங்கயாச்சும் துரு ஏறுமுன்ன பாத்துக்கங்க" என்றான்.

காரைப் பார்க்கச் சொன்னேன். சுற்றி வந்தான். இடது மட்கார்டின் மேல் கையை வைத்துத் தடவினான். "இல்லய்யா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகப் போனான். செதிலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். என் காரைப் பற்றிக் கவலைப்பட இந்த உலகத்தில் இன்னும் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னால் தாங்க முடியாமல் போனது வசந்தகுமாரை மட்டும்தான். அவன் வண்டியைத் தொடவில்லை. சோறு தின்னவில்லை. சாயங்காலம் ஆனால் என் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்வான். ஜாமீன் போட்டவன் என்ற மரியாதையோ என்னவோ. ஒரே கேள்விதான் கேட்பான்.

"எங்கம்மா ஏன்யா தாளுக்குள்ள போயிப் படுத்துச்சு? எப்பவும் ஓரமா நிக்கும்ய்யா. நான் ஹாரன் அடிச்சேன்யா. அது கேட்டுருக்கும்ல?"

"மயக்கம் போட்டிருக்கும்டா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"மயக்கம் வர்றவுக எப்படிய்யா தாளை இழுத்து மூடிக்கிருவாக?"

அவன் முட்டாள் இல்லை. இருபது நாள் இதே கேள்வி. நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொன்னேன். வெயிலுக்குப் போர்த்தியிருப்பாள், காற்றில் தாள் சரிந்திருக்கும். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்து கும்பிட்டுவிட்டுப் போவான்.

போன வியாழக்கிழமை காலையில் அவன் மனைவி ஜெயசுதா ஓடிவந்தாள். முதல் நாள் மத்தியானம் அவன் ரோட்டுக்குப் போய், யாரோ பரப்பியிருந்த உளுந்துத் தாளுக்குள் புகுந்து, முகத்தையும் மூடிக்கொண்டு படுத்துவிட்டானாம். கால் மட்டும் வெளியே தெரிந்ததால் ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டிருக்கிறார். "எங்கம்மாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு பாத்தேன்கிறாக. இன்னைக்கும் போவாகய்யா. நீங்க சொன்னாத்தான் கேப்பாக. அம்மா ஏன் படுத்துச்சுன்னு ஏதாவது ஒண்ணு சொல்லி மனசைத் தேத்தி விடுங்கய்யா" என்று காலில் விழுந்தாள். இடுப்பில் குழந்தை இருந்தது.

இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பதில் இல்லாமல் அந்தப் பையன் பிழைக்கமாட்டான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் அன்றைக்கே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். நானாக வந்தேன். செல்லச்சாமி வேறு வேலைக்காகச் சிக்கலுக்கு வந்தவர் டீக்கடையில் பேச்சைக் கேட்டு, தேதியைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, புதன்கிழமையே உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அதையும் இதையும் நீங்கள் முடிச்சுப் போடக் கூடாது.

நான் எழுதியதை வசந்தகுமாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவன் அம்மா அவளாகப் போய்ப் படுக்கவில்லை. வெயில் படாமல் இருக்க நான்தான் மூடினேன். கடைசியாக ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அவள் வாயில் கடைசியாக வந்த பேச்சும் அவனைப் பற்றித்தான். இது தெரிந்தால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும். காரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும்போது ஏதாவது கூரைக்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். என்.சி. பெயிண்ட் உப்புக்காற்றைத் தாங்காது.

இதுவரை நேற்று எழுதியது.

இன்று காலை நீங்கள் மறுபடி வந்தீர்கள். வசந்தகுமாரையும் கூத்தையாவையும் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டியதாகச் சொன்னீர்கள். கூத்தையா நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டானாம். வசந்தகுமார் கடைசிவரை கேட்டானாம். அழவில்லையாம். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். அதை அவன் சொன்ன மாதிரியே சொல்லச் சொன்னேன். சொன்னீர்கள்.

"அந்த இடத்துல ரோட்டை ஒட்டி வேப்ப மரம் நிக்குது. எங்கம்மா கஞ்சி குடிக்கிறதே அதுக்கடியிலதான். நிழலுக்குன்னா அங்கன தூக்கிப் போட்டுருக்கலாமே, ஏன் போடலைன்னு கேளுங்க."

இந்தக் கேள்விக்கும் என் கைப்படவே பதில் எழுதச் சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேறு ஏதாவது எழுதலாமா என்று வெகு நேரம் யோசித்துப் பார்த்தேன். இருபது நாள் அவனுக்கு விதவிதமாகப் பதில் சொன்னவனுக்கு இப்போது ஒன்றும் வரவில்லை.

மரம் இருக்கிறது. குவியலிலிருந்து பத்தடி. பிச்சையம்மாள் கனமில்லை, என் வயதிலும் தூக்கியிருக்கலாம். நான் அவளை நகர்த்தியதாக எழுதியிருந்தேன். எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. கையைப் பிடித்து மற்றப் பக்கமாக இழுத்தேன், தார் ரோட்டுக்கு. "மரத்தடிக்காய்யா" என்று அவளும் கேட்டாள். ஆமாம் என்றேன். ரோட்டின் நடுவில் கிடத்தி, கால், கை, துணி எதுவும் வெளியே தெரியாதபடி தாளைச் சமமாகப் பரப்பினேன். மூன்று மணிக்கு எந்த வண்டி வரும், அது தாளைக் கண்டால் நிற்காது, எத்தனை தடவை ஏறும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

மரத்தடிக்கு வண்டி வராது.